பின் வலது கதவு

விளக்கு மறுபடியும் மஞ்சளாக எரிந்தது.

"பின் வலது கதவு ஆயத்தம், சரி" என்று விமானப் பணிப்பெண் வேனில் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் கழுத்துப்பட்டையில் இருந்த உறுதிமானி நிறம் மாறிவிட்டது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத கருவி அது. அந்த நிறத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, விமானத்தின் கூரையில் தொங்கும் எல்லாத் திரைகளிலும் போட்டுக் காட்டியது: பணியாளர் நான்கு, உறுதி 61. நூற்றெண்பது பயணிகளும் கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர் பொறுமை இழந்தார். "என்னம்மா, கதவு சரியா இருக்கா இல்லையா? உனக்கே தெரியலைன்னா நாங்க எந்த நம்பிக்கையில மேல போறது?"

"சரியாதான் சார் இருக்கு. இன்னொரு தடவை பாத்துடறேன்."

"சரியா இருந்தா எதுக்குப் பாக்கணும்?"

அவள் போய்க் கதவின் நெம்புகோலைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஆயத்த நிலையில்தான் இருந்தது. ஐந்து நிமிடம் முன்பு அவளே ஏற்றியதுதான். திரும்பி வந்து மறுபடி சொன்னாள். 93, பச்சை. ஆனால் அதற்குள் நான்கு நிமிடம் போய்விட்டது. ஓடுபாதைக்கான வரிசையில் அவர்களுடைய இடத்தை வேறொரு விமானம் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்குப் போகவேண்டிய நூற்றெண்பது பேரும் மேலும் இருபது நிமிடம் மரக்காணம் விமான நிலையத்தை ஒட்டிய உப்பளத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெய்தல் ஏர் நிறுவனத்தில் அவளுக்கு 'மஞ்சள் வேனில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இளவேனில் என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நாற்பத்தொரு வயது, பத்தொன்பது வருட அனுபவம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் கையால் ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை. ஆனால் நடக்காத விபத்தைக் காட்டுவதற்கு எந்தக் கருவியிலும் விளக்கு கிடையாதே.

அந்த நெம்புகோலின் கதை இதுதான். விமானத்தின் ஒவ்வொரு கதவின் வயிற்றிலும் ஒரு சறுக்குப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். நெம்புகோல் ஆயத்த நிலையில் இருக்கும்போது உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் அந்தப் பை வெடித்து வெளியே விரிந்து, தீப்பிடித்த விமானத்திலிருந்து மக்கள் சறுக்கி இறங்க வழி செய்யும். ஒரு சிற்றுந்து நீளம் இருக்கும். விரிவதற்கு ஆறு நொடி போதும். அதனால் விமானம் கிளம்பும்போது நெம்புகோல் ஆயத்தத்தில் இருக்கவேண்டும். தரையில் நிற்கும்போது, கதவுக்கு வெளியே ஆள் இருக்கும்போது, அதை ஓய்வு நிலைக்கு இறக்கி, காப்பாணி ஒன்றைச் செருகிவிட வேண்டும். மறந்தால் உயிர் காக்கிற அதே பை வெளியே நிற்பவனின் நெஞ்சில் வெடிக்கும். ஒரு பிள்ளைகூடச் செய்துவிடக்கூடிய வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை, வருடம் முழுக்க, ஒரு முறைகூடத் தவறாமல் செய்யவேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் கஷ்டம்.

உறுதிமானி வருவதற்கு முன்னால் எல்லாரும் 'சரி' என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண் வேறெங்கோ இருக்கும், மனம் வீட்டில் இருக்கும், வாய் மட்டும் பட்டியலைப் படித்துச் சரி போட்டுவிடும். ஒன்பது வருடம் முன்பு ஏதோ ஒரு நாட்டில், வேகம் அளக்கும் குழாய்களின் உறையைக் கழற்றாமலே ஒரு விமானம் ஏறிவிட்டது. பட்டியலில் அந்த உறைக்கு எதிரே ஐந்து பேர் சரி சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கருவி. குரலின் நடுக்கத்தையும் நாடியையும் அளந்து, சொல்கிறவர் தான் சொல்வதை எவ்வளவு நம்புகிறார் என்று நூற்றுக்கு எண் கொடுக்கும். எழுபத்தைந்துக்கு மேல் பச்சை. கீழே போனால் மஞ்சள். முப்பதுக்கும் கீழே என்றால் சிவப்பு.

முதல் இரண்டு வருடம் அது அற்புதமாக வேலை செய்தது. அதை மறுத்தால் பாவம். பார்க்காமலே சரி சொன்னவர்களை வரிசையாகப் பிடித்துக் கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் நெம்புகோல்களில் இருந்த மின் உணரிகளை நிறுவனம் கழற்றிவிட்டது. உப்புக்காற்றில் அவை அடிக்கடி பொய் எச்சரிக்கை கொடுத்து நேரத்தை விழுங்கின. உணரி கெட்டுப்போகும், உறுதியான மனிதன் கெட்டுப்போகமாட்டான் என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்னாராம், கைதட்டினார்களாம். பார்க்காதவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போன பிறகு மஞ்சள் காட்டுவதற்கு மிச்சம் இருந்தவர்கள், பார்த்த பிறகும் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள். கருவிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து வந்து நின்ற விமானத்தின் பின் வலது கதவுக்கு வெளியே உணவு வண்டியின் தூக்குமேடை உயர்ந்தது. மேடையில் பூவரசன் நின்றான். பக்கத்துக் கூனிமேட்டுக்காரன், முப்பத்துநாலு வயது, உணவு ஏற்றும் பிரிவில் எட்டு வருடம். வேனில் நெம்புகோலை இறக்கினாள், காப்பாணியைச் செருகினாள். காப்பாணியின் வாலில் ஒரு முழ நீளச் சிவப்பு ரிப்பன் தொங்கும். அதை எடுத்துக் கதவின் சின்னக் கண்ணாடியில் வைத்து ஆட்டினாள். வெளியே பூவரசன் பார்த்தான். கதவை இரண்டு முறை தட்டினான். அதன் பிறகுதான் அவள் திறந்தாள்.

இந்த ரிப்பன் காட்டுவதும் தட்டுவதும் நிறுவனத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை. எட்டு வருடம் முன்பு அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பயத்தில் அவன் முகம் வெளுத்திருப்பதைக் கண்ணாடி வழியே பார்த்து அவளாக ஆரம்பித்தது.

"இன்னாக்கா, நேத்து மறுபடியும் மஞ்சளாமே?" என்று உணவுப் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டே கேட்டான். "கீழ வண்டி ஓட்டுறவன்லாம் சொல்லிச் சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டும். இந்த மாசம் முப்பத்தோராவது தடவை. ஹரிப்பிரசாத் சார் கூப்பிட்டிருக்கார்."

"எதுக்காம்?"

"எதுக்கா இருக்கும். ஐயநீக்கம் பண்ணிக்கோ, இல்லைன்னா தரைப்பணிக்குப் போ."

பூவரசன் பெட்டியைத் தள்ளுவதை நிறுத்தினான். "வேணாங்க்கா. உள்ள ஒரு ஆள் சந்தேகப்பட்டுக்கினே இருக்கறதாலதான் நான் வெளிய நிம்மதியா நிக்கறேன். மத்த கதவுலல்லாம் நான் எப்படி நிக்கறேன்னு எனக்குத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள். ஆனால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. தரைப்பணி என்றால் பயணிகளின் காணாமல்போன பெட்டிகளுக்கு நாள் முழுக்க வருத்தம் தெரிவித்துக்கொண்டிருப்பது. அதற்குப் போனவர்களில் மறுபடி பறந்தவர் எவரும் இல்லை.

பணி மேலாளர் ஹரிப்பிரசாத் கெட்டவர் இல்லை. அவருடைய மேசைக்குப் பின்னால் பெரிய திரையில் மரக்காணம் நிலையத்தின் தாமதப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேனிலின் பெயர் மட்டும் தனி நிறத்தில் இருந்தது.

"உங்க வேலையில ஒரு குறை கிடையாது வேனில். அதை நானே எழுதித் தர்றேன். ஆனா பாசஞ்சர் விளக்கைத்தானே பாக்கறான்? மஞ்சளைப் பாத்ததும் ஒரு அம்மா இறங்கியே போயிட்டாங்க."

"ஒரு வருஷம் முன்னாடி நான் திரும்பிப் போய்ப் பாத்தப்ப காப்பாணி நிஜமாவே சரியா உட்காராம இருந்துச்சு சார். அறிக்கைகூடக் கொடுத்தேன்."

"ஒரு தடவை. மீதி எத்தனை தடவை சரியா இருந்துச்சு?"

"மீதி எல்லாத் தடவையும்."

"அப்புறம்?" என்றார் அவர், கணக்கு முடிந்துவிட்டது போல. "இருபது நிமிஷ வேலை. வலி கிடையாது. நானே பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு ஒழுங்கா சாப்பாடே இறங்குது."

ஐயநீக்க அறை பல் மருத்துவரின் அறை மாதிரிதான் இருந்தது. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் இரண்டு குளிர்ந்த வில்லைகளை ஒட்டினார்கள். மூளையில் 'முடிந்தது' என்று முத்திரை குத்துகிற இடம் ஒன்று இருக்கிறதாம். சிலருக்கு அது பலவீனம், செய்த வேலையும் செய்யாத மாதிரியே அரித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் தூண்டிவிட்டால் போதும் என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். வேனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"செய்யாத வேலைக்கும் அது முத்திரை குத்திடுச்சுன்னா?"

"அப்படியெல்லாம் யாரும் புகார் சொன்னதில்லை மேடம்" என்றாள் அந்தப் பெண். உண்மைதான். யார் சொல்லப்போகிறார்கள்?

மறுநாள் காலை வீட்டைப் பூட்டிவிட்டு வேனில் லிஃப்டில் இறங்கினாள். வழக்கமாக மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கீழே வந்த பிறகு கேஸ் அடுப்பை நினைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறுவாள். அன்றைக்கு நேராக நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது ஏதோ ஒன்று குறைவது போல் இருந்தது. என்னவென்று யோசித்துப் பார்த்தாள். பயம்தான் குறைந்திருந்தது. இருபது வருடமாகத் தோளில் கிடந்த சுமையை யாரோ கேட்காமலே இறக்கி வைத்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் விமானத்தில் 97. அடுத்ததில் 98. கூரைத்திரையில் பச்சை எரிந்தபோது முன்வரிசையில் ஒரு பெரியவர் கைதட்டினார். மாதக் கடைசியில் நேரந்தவறாமைப் பட்டியலில் அவள் குழு மூன்றாவது இடத்துக்கு வந்தது. ஹரிப்பிரசாத் ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி அனுப்பினார்.

ரிப்பன் காட்டுவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. நிறுத்தவேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை. நெம்புகோலை இறக்கியாயிற்று, காப்பாணி போட்டாயிற்று, அப்புறம் அதைப் போய் ஊருக்குக் காட்டுவானேன் என்று கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. வெளியே பூவரசன் ஆள்காட்டி விரலைப் புழு மாதிரி ஆட்டி ரிப்பனைக் கேட்பான். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு தட்டுவான்.

"ரிப்பன காட்டுனா இன்னாக்கா கொறஞ்சிடுவீங்க?" என்று ஒருநாள் கதவு திறந்ததும் கேட்டான்.

"நான் பாத்துட்டுத்தானே பூவரசா திறக்கறேன்."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலயே?"

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"மின்ன இருந்துச்சி" என்றான். சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டு, பெட்டிகளை எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம்தான் தரைப்பணியாளர்களுக்கும் உறுதிமானி கொடுத்தார்கள். தூக்குமேடையில் மஞ்சள் கோடுபோட்டு ஒரு சதுரக் கட்டம் வரைந்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் நின்று, 'திறக்கலாம், சரி' என்று சொல்லவேண்டும். பச்சை வந்தால் கதவைத் திறக்கலாம். மஞ்சள் வந்தால் மேடையைக் கீழே இறக்கி, வேறு ஆளை ஏற்றவேண்டும். வேறு ஆள் யாரும் இருந்ததில்லை என்பதால் மஞ்சள் வந்தாலும் பூவரசன்தான் நின்றான். எல்லா மேற்பார்வையாளர்களுக்கும் இது தெரியும். விமானம் நேரத்துக்குக் கிளம்பியவரை யாரும் அதைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆடி மாதம், காற்று பலமாக இருந்த ஒரு முற்பகலில் அது நடந்தது. மதுரை விமானம் கிளம்பத் தயாராகிவிட்டது. கதவுகள் சாத்தி, நெம்புகோல்கள் எல்லாம் ஆயத்தத்துக்கு ஏறிவிட்டன. அப்போது விமானி அறையிலிருந்து அழைப்பு வந்தது. பதினாலு சாப்பாடு குறைகிறது, உணவு வண்டி திரும்பி வருகிறது, பின் வலது கதவை மறுபடி திறக்கவேண்டும்.

வேனில் கதவருகே போனாள். "பின் வலது கதவு ஓய்வு, சரி" என்றாள். 99, பச்சை.

கண்ணாடிக்கு வெளியே பூவரசனின் முகம் தெரிந்தது. விரலை ஆட்டினான். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அவன் அப்படியே நின்றான். மறுபடி விரலை ஆட்டினான். விமானம் மூன்று நிமிடம் பிந்திவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டைவிரலைக் காட்டினாள். அவன் உதடு அசைந்தது, 'திறக்கலாம், சரி' என்று. அவன் சட்டையில் மஞ்சள் எரிந்தது. அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என்ன நினைத்தானோ, மஞ்சள் கட்டத்திலிருந்து ஓர் அடி பக்கவாட்டில் விலகி நின்றான்.

அவள் கதவுப் பிடியைத் தூக்கினாள்.

சத்தம் துப்பாக்கி வெடித்தது போல் இருந்தது. சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று அவள் கண் முன்னால் வெளியே பாய்ந்தது. மேடையில் இருந்த உணவுப் பெட்டிகள் பறந்தன. பூவரசனின் இடுப்பில் பையின் ஓரம் அடித்து, அவனைத் தூக்கி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டது. அவன் கத்தினான். கத்தினானே என்று பிற்பாடு அவள் நிம்மதிப்பட்டாள், உயிர் இருந்ததே.

அப்போதுகூட அவள் மனதில் முதலில் வந்த எண்ணம் ஒன்றுதான். சறுக்குப்பை பழுது போலிருக்கிறது. நான்தான் நெம்புகோலை இறக்கினேனே.

விசாரணை ஒன்பது நாள் கழித்து நடந்தது. விசாரணை அதிகாரி சகாயராணி கண்டிப்பானவர், நேர்மையானவர் என்று பெயர் வாங்கியவர். மேசையில் படங்களைப் பரப்பினார். விபத்து நடந்தால் மட்டும் இயங்கத் தொடங்கும் உட்புறக் கேமரா இரண்டாவது நிமிடம் எடுத்த படங்கள். நெம்புகோல் மேலே, ஆயத்தத்தில். காப்பாணி அதன் உறைக்குள்ளேயே. சிவப்பு ரிப்பன் சுருட்டி வைத்தபடி அப்படியே.

வேனில் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். நெம்புகோலைத் தான் இறக்கியது அவளுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. இரும்பின் குளிர்ச்சி, கடைசியில் வரும் அந்தச் சின்னத் தடை, 'க்ளிக்'. ஜன்னல் வழியே விழுந்த வெயில்கூட நினைவிருந்தது. வெயில். விபத்தன்று முற்பகலில் வானம் மூட்டமாக இருந்தது. அன்று காலை இதே விமானம் கோவையிலிருந்து வந்து நின்றபோதுதான் வெயில் அடித்தது. காலையில் இறக்கிய நெம்புகோலை அவள் மனம் எடுத்து முற்பகலில் வைத்து முத்திரை குத்திவிட்டது. பழைய வேனிலாக இருந்தால் அந்த இடத்தில் உள்ளே ஒரு முள் குத்தியிருக்கும். திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்திருப்பாள்.

"மேடம், தப்பு என்னுது" என்றாள். "நான் நெம்புகோலை இறக்கலை."

மேசைமேல் இருந்த உறுதிமானியைச் சகாயராணி பார்த்தார். 8, சிவப்பு.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான் இறக்கலை மேடம். படத்துலயே தெரியுது பாருங்க. நான்தான் அவரை அப்படிப் பண்ணிட்டேன்."

6. சிவப்பு.

சகாயராணி பேனாவைக் கீழே வைத்தார். குரலில் கருணை இருந்தது. "இங்க பாருங்கம்மா. கூட வேலை பாத்தவர் அடிபட்டுட்டாரேன்னு நீங்க பழியை ஏத்துக்கப் பாக்கறீங்க. எனக்குப் புரியுது. ஆனா எழுபத்தைந்துக்குக் கீழ இருக்கற வாக்குமூலத்தை நான் பதிவு பண்ண முடியாது. சிவப்புன்னா சட்டப்படி அது பொய்."

"பொய் இல்லை மேடம். எனக்குத் தெரியுது, ஆனா மனசுல அப்படி வரமாட்டேங்குது. ஐயநீக்கம் பண்ணிட்டாங்க."

"நெம்புகோலை இறக்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

  வேனில் பேசாமல் இருந்தாலும் அதை மறுப்பு என்று எழுதிக்கொள்வார்கள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஞாபகம் இருக்கு" என்றாள்.

99. பச்சை. அது பதிவாயிற்று.

கேமராப் படத்துக்கும் விளக்கம் கிடைத்தது. பை வெடித்த அதிர்ச்சியில் நெம்புகோல் தானாக மேலே ஏறியிருக்கலாம், காப்பாணி கழன்று உறைக்குள் விழுந்திருக்கலாம். ரிப்பன் எப்படித் தானாகச் சுருண்டது என்று யாரும் கேட்கவில்லை. மீதி இருந்தது பூவரசனின் பதிவு. உறுதி 44. மஞ்சள் எரிந்தும் மேடையைக் கீழே இறக்கவில்லை. அதோடு, நிற்கவேண்டிய கட்டத்துக்குள் நிற்கவில்லை. கட்டத்துக்குள் நின்றிருந்தால் பை அவன் நெஞ்சில் அடித்துக் கொன்றிருக்கும் என்று மருத்துவர் எழுதிய குறிப்பு பின்னிணைப்பில் இருந்தது. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள். விதியை மீறி உயிர் பிழைத்ததற்காக அவனுடைய விமான நிலைய அனுமதி அட்டை பறிக்கப்பட்டது. அந்த அட்டை இல்லாமல் அவன் அந்த வாசலுக்குள் கால் வைக்க முடியாது.

புதுச்சேரி மருத்துவமனையில் அவன் இடுப்பிலிருந்து கால்வரை கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி தேவகி உட்கார்ந்திருந்தாள். வேனிலைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அவளுக்குக் கோவம். நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்றான். பிறகு, "அக்கா, நெசமா சொல்லுங்க. எறக்குனீங்களா?"

"இல்லை பூவரசா. இறக்கலை."

அவள் கழுத்தில் சிவப்பு எரிந்தது. வேலை நேரம் இல்லாவிட்டாலும் உறுதிமானியைக் கழற்ற அனுமதி கிடையாது. அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சிவப்பையே பார்த்தான்.

"எனக்காவ பொய் சொல்றீங்க."

"பொய் இல்லடா. படம் பாத்தேன். எனக்குத் தெரியுது. ஆனா தோணமாட்டேங்குது. உன்னைப் பாத்தா அழுகை வருது. நான்தான் பண்ணேன்னு சத்தியம் பண்ண வாயைத் திறந்தா, உள்ள இருக்கறது இல்லைங்குது."

அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "அப்போ நான்தான் சரியா நிக்கலையோ என்னமோ" என்றான்.

 இத்தனை பேரும் உறுதியாக இருக்கும்போது, சந்தேகப்படத் தெரிந்த ஒரே ஆள் தன்மேலேயே சந்தேகப்படுகிறான்.

அன்றைக்கே ஹரிப்பிரசாத்திடம் போய் நின்றாள். ஐயநீக்கத்தைத் திரும்ப எடுத்துவிடச் சொன்னாள். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"அதுக்கு வழி எதுவும் இல்லை வேனில். கண்டுபிடிக்கவே இல்லை. பச்சையிலேருந்து மஞ்சளாகணும்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே."

"அவரோட அட்டையாவது திருப்பிக் கொடுங்க சார்."

அவர் யோசித்தார். நல்ல மனிதர்தான். மேலிடத்தில் பேசி, எழுதி, நான்கு மாதத்தில் வழி செய்து கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: பூவரசனுக்கும் அதே இருபது நிமிட வேலை.

கார்த்திகை மாத மழை விட்ட ஒரு காலையில், மதுரையிலிருந்து வந்து நின்ற விமானத்தின் பின் வலது கதவுக்கு வெளியே தூக்குமேடை உயர்ந்தது. பூவரசன் வருகிறான் என்று வேனிலுக்கு முதல்நாளே தெரியும். அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். சந்தேகம் வராவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே. மனது என்ன சொன்னாலும் ரிப்பனை எடுத்துக் கண்ணாடியில் காட்டாமல் கதவைத் திறப்பதில்லை. வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

கண்ணாடியில் அவன் தெரிந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து வந்து, மஞ்சள் கட்டத்தின் நட்ட நடுவில் நின்றான். முகம் தெளிவாக இருந்தது. எட்டு வருடத்தில் அவனை அவ்வளவு நிம்மதியாக அவள் பார்த்ததில்லை. விரலை ஆட்டவில்லை. கண்ணாடியைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டிகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு 'திறக்கலாம், சரி' என்றான். சட்டையில் பச்சை எரிந்தது.

அவள் காத்திருந்தாள். அவன் தட்டவில்லை.

"பின் வலது கதவு ஓய்வு, சரி" என்றாள் வேனில். கூரைத் திரையில் 99 வந்தது. அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. ரிப்பனைக் காட்டியாயிற்று, அதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.